தண்ணீர் இல்லாத இடத்தில் உலோகம்

மயில்துத்தப் பொடியைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால், அதன் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக் கடைசியில் வெள்ளைப் பொடி மிஞ்சும். குழாய் ஆறியபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பட்ட இடத்தில் உடனே நீலம் திரும்பிவிடும். பள்ளி ஆய்வகத்தில் பலர் செய்து பார்த்த சோதனைதான். தாமிரம் அப்படியே இருக்கிறது, சல்பேட்டும் அப்படியே இருக்கிறது. போய்வந்தது தண்ணீர் மட்டும். ஆக, தாமிர உப்பின் நீலம் என்று நாம் சொல்வது தாமிரமும் அதைச் சூழ்ந்த தண்ணீரும் சேர்ந்து காட்டும் நிறம்.

உலோக அயனிகளைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எந்த உலோகத்துக்கு எத்தனை மின்சுமை வழக்கம், எது எதோடு பிணையும், எது எதை ஏறிட்டும் பார்க்காது என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் தலைப்பில் எழுதாமல் விட்ட ஒரு நிபந்தனை உண்டு: இவை எல்லாம் தண்ணீரில். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் தங்கம் செனான் வாயுவோடு பிணைகிறது. இரிடியம் மூன்று நேர்மின்சுமையோடு ஆறு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளி அயனி செனானிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கிறது. தண்ணீரின் பிடியிலிருந்து உலோகத்தை விடுவிக்க வேதியியலாளர்கள் கண்ட வழிகளில் மிகவும் துணிச்சலானது, சூப்பர் அமிலம்.

இடம் பிடிக்கும் தண்ணீர்

உலோக அணு எலக்ட்ரான்களை இழந்தால் நேர்மின்சுமை கொண்ட அயனி ஆகிறது. அதாவது நேரயனி. அதற்கு எலக்ட்ரான் பசி. பக்கத்தில் யாரிடமாவது பிணைப்பில் சிக்காத எலக்ட்ரான் இரட்டை இருந்தால் அதைத் தன் பக்கம் இழுக்கும். அப்படி இரட்டையைக் கொடுத்து உலோகத்தோடு சேரும் மூலக்கூறுக்கோ அயனிக்கோ ஈனி என்று பெயர். உலோகமும் ஈனிகளும் சேர்ந்தது அணைவு. பெரும்பாலான உலோகங்களைச் சுற்றி நான்கு அல்லது ஆறு ஈனிகளுக்கு இடம் இருக்கும்.

தண்ணீரின் ஆக்சிஜனில் இரண்டு எலக்ட்ரான் இரட்டைகள் சும்மா இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 55 மோல் மூலக்கூறுகள். நாம் கரைக்கும் உப்போ பெரும்பாலும் ஒரு மோலுக்கும் குறைவு. பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்களைப் போல, உலோக அயனி கரைந்த கணத்திலேயே தண்ணீர் அத்தனை இடங்களையும் பிடித்துவிடும். அம்மோனியா, சயனைடு போன்ற வலுவான ஈனிகள் வந்தால் தண்ணீரை எழுப்பிவிட்டு உட்காரும். எலக்ட்ரானைக் கொடுக்கத் தயங்கும் பலவீனமான ஈனிகளுக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது.

இடம் பிடிப்பதோடு தண்ணீர் நிற்பதில்லை. மின்சுமை அதிகமுள்ள நேரயனி தண்ணீரை இறுகப் பிடித்தால், தண்ணீர் ஒரு புரோட்டானை உதறிவிட்டு ஹைட்ராக்சைடாக மாறிக்கொள்ளும். கரைசலில் வண்டல் படியும். எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கும் அயனி என்றால் தண்ணீரை ஒடுக்கி ஹைட்ரஜனை வெளியேற்றும். எலக்ட்ரானைப் பறிக்கத் துடிக்கும் அயனி என்றால் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றும். இரண்டிலும் அந்த அயனி தன் பழைய நிலையில் நீடிக்காது. ஒற்றை மின்சுமைத் தங்க அயனியின் பாடு வேறு. வலுவான ஈனி துணைக்கு இல்லாவிட்டால் அது தண்ணீரில் தனக்குள்ளேயே பிரிந்து, ஒரு பங்கு மூன்று மின்சுமைக்கு ஏறும். மற்ற இரண்டு பங்கு உலோகத் தங்கமாகப் படியும். இப்படித் தண்ணீரில் நிலைக்காமல் போன அயனிகளைத்தான் நாம் அசாதாரண அயனிகள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அமிலத்தின் வலிமை எங்கே இருக்கிறது

சூப்பர் அமிலம் என்ற பெயரை 1927-இல் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட்டும் நாரிஸ் ஹாலும் பயன்படுத்தினார்கள். பெர்குளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைக்காமல் தண்ணீரற்ற அசிட்டிக் அமிலத்தில் கரைத்தபோது, நீர்க்கரைசலில் அசையாத பலவீனமான காரங்களும் புரோட்டானை ஏற்றுக்கொண்டதை அவர்கள் கண்டார்கள். காரணம் எளிது. தண்ணீரில் எந்த வலுவான அமிலத்தைக் கரைத்தாலும் அதன் புரோட்டானைத் தண்ணீர் வாங்கி ஹைட்ரோனியம் அயனியாகிவிடும். அதன்பின் அங்கே உள்ள மிக வலுவான அமிலம் ஹைட்ரோனியம்தான். அதற்கு மேல் வலிமை இருந்தும் காட்ட வழியில்லை.

இன்று வழங்கும் வரையறை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரொனால்ட் கில்லெஸ்பி தந்தது: நூறு சதவீதக் கந்தக அமிலத்தை விட வலுவான எதுவும் சூப்பர் அமிலம். இந்த எல்லையில் பிஎச் அளவு உதவாது. மிகப் பலவீனமான காரங்களுக்குக்கூட எந்த அளவு புரோட்டானை ஏற்றிவிட முடிகிறது என்பதை வைத்து லூயி ஹாமெட் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. எண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அமிலம் அவ்வளவு வலுவானது. நூறு சதவீதக் கந்தக அமிலம் மைனஸ் 12. ஃப்ளூரோசல்ஃபியூரிக் அமிலமும், தண்ணீர் துளியும் இல்லாத ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் மைனஸ் 15-ஐ ஒட்டி வரும். இந்த ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடைச் சேர்த்தால் எண் மைனஸ் 20-ஐத் தாண்டும். கந்தக அமிலத்தை விடப் பத்துக் கோடி மடங்குக்கும் மேல்.

பொதுமக்களிடம் சூப்பர் அமிலத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவர் ஜார்ஜ் ஓலா. 1966-இல் கிளீவ்லாந்தில் அவருடைய ஆய்வகத்தில் கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு ஒன்றை ஃப்ளூரோசல்ஃபியூரிக் அமிலமும் ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடும் கலந்த கலவையில் போட்டபோது அது கரைந்துபோனது. அந்தக் கலவைக்கு 'மேஜிக் ஆசிட்' என்ற பெயர் நிலைத்தது. கார்பன் நேரயனிகளைக் கரைசலில் நிறுத்திக் காட்டியதற்காக ஓலாவுக்கு 1994-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலம் வலுவானது என்றவுடன் எதையும் அரித்துத் தின்னும் என்ற எண்ணம்தான் முதலில் வரும். உலோக அயனியின் பக்கமிருந்து பார்த்தால் கதை மாறும். அமிலம் வலுவாக இருக்கிறது என்றால் புரோட்டானை ஏற்க அங்கே யாரும் முன்வரவில்லை என்று பொருள். புரோட்டானை ஏற்பதற்கும் உலோகத்தோடு பிணைவதற்கும் தேவைப்படுவது ஒன்றே: கொடுக்கத் தயாராக இருக்கும் ஓர் எலக்ட்ரான் இரட்டை. ஆகவே மிக வலுவான அமிலம் என்பது எலக்ட்ரான் இரட்டைக்குப் பஞ்சம் நிலவும் இடம். தப்பித்தவறி ஒரு தண்ணீர் மூலக்கூறு உள்ளே வந்தாலும் அது உடனே புரோட்டானை ஏற்று ஹைட்ரோனியமாகிவிடும். நேர்மின்சுமை ஏறிய அது இன்னொரு நேர்மின்சுமையான உலோகத்தை அண்டாது. அம்மோனியா வந்தால் அம்மோனியமாகி அதுவும் ஒதுங்கிவிடும்.

ஃப்ளூரைடை விழுங்கும் ஆன்டிமனி

ஹைட்ரஜன் ஃப்ளூரைடு மட்டும் இருந்தால் வேலை முழுதாக நடக்காது. அதன் மூலக்கூறுகள் தமக்குள் புரோட்டானை மாற்றிக்கொண்டு, ஒரு பக்கம் புரோட்டான் ஏறிய வடிவத்தையும் மறுபக்கம் ஃப்ளூரைடு அயனியையும் சிறிதளவு உண்டாக்கும். ஃப்ளூரைடு சிறியது, எதிர்மின்சுமை கொண்டது, உலோக நேரயனிகளை விடாமல் பற்றும். அது இருக்கும்வரை உலோகம் தனித்து நிற்க முடியாது.

ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடு இந்த இடத்தில்தான் வருகிறது. அது தேன்போல் கெட்டியான திரவம், ஃப்ளூரைடை விட்டுவைக்காது. ஒரு ஃப்ளூரைடை எடுத்துக்கொண்டால் ஆன்டிமனியைச் சுற்றி ஆறு ஃப்ளூரின்கள் கொண்ட எதிர்மின்சுமை அயனி, அதாவது எதிரயனி, உருவாகும். ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடு தாராளமாக இருந்தால், இரண்டு ஆன்டிமனிகள் நடுவில் ஒரு ஃப்ளூரினைப் பகிர்ந்துகொண்டு பதினொரு ஃப்ளூரின்கள் கொண்ட பெரிய எதிரயனி வரும். அதில் இருப்பது ஒரே ஒரு எதிர்மின்சுமை. அதுவும் பதினொரு அணுக்களின் மேல் பரவிக்கிடக்கிறது. எந்த ஃப்ளூரினிடமும் உலோகத்துக்குக் கொடுக்கும்படி மிச்சம் ஏதும் இல்லை.

இந்தச் சூழலில் உலோக நேரயனியைச் சுற்றி ஹைட்ரஜன் ஃப்ளூரைடு மூலக்கூறுகளும் இந்தச் சோம்பேறி எதிரயனிகளும் தளர்வாக நிற்கின்றன. மெல்பர்னில் பணியாற்றிய தாமஸ் ஓ'டானெல் இத்தகைய கரைசல்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். தண்ணீரில் ஹைட்ரஜனை வெளியேற்றித் தன்னை இழந்துவிடும் மூன்று மின்சுமை யுரேனியம் போன்ற அயனிகள், அமிலமாக்கிய ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் தாக்குப்பிடிப்பதை அவருடைய பணி காட்டியது. கரைசலில் ஃப்ளூரைடு இல்லாமல் பார்த்துக்கொள்வதே இதற்கு அடிப்படை.

பாடநூல் ஒப்புக்கொள்ளாத கார்பனைல்கள்

இடம் காலியாக இருந்தால் யார் வந்து உட்காருவார்? மிகத் தெளிவான பதிலைத் தந்தது கார்பன் மோனாக்சைடு. 1890-இல் லுட்விக் மோண்டும் அவருடைய கூட்டாளிகளும் நிக்கலோடு நான்கு கார்பன் மோனாக்சைடு சேர்ந்த சேர்மத்தைக் கண்டறிந்ததிலிருந்து உலோகக் கார்பனைல்கள் தனித் துறையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றின் பிணைப்புக்குப் பாடநூல் தரும் விளக்கம் இருவழிப் போக்குவரத்து. கார்பன் தன் எலக்ட்ரான் இரட்டையை உலோகத்துக்குக் கொடுக்கிறது. உலோகம் தன் டி ஆர்பிட்டால்களில் உள்ள எலக்ட்ரான்களைக் கார்பன் மோனாக்சைடுக்குத் திருப்பித் தருகிறது. கார்பன் மோனாக்சைடு கொடுப்பதில் கஞ்சன். ஆகவே அந்தத் திரும்பி வரும் பங்குதான் பிணைப்பைத் தாங்குகிறது என்பது கருத்து. அதிலிருந்து ஒரு விதியும் பிறந்தது. மின்சுமை ஏறிய உலோகத்திடம் திருப்பிக் கொடுக்க எலக்ட்ரான் குறைவு. ஆகவே உயர்ந்த நேர்மின்சுமையோடு கார்பனைல் நிலைக்காது.

இந்த விதி சூப்பர் அமிலத்தில் செல்லுபடியாகவில்லை. ஜெர்மனியில் ஹெல்கே வில்னரும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரீட்ஹெல்ம் ஆவ்ப்கேயும் 1990களில் கூட்டாகச் செய்த பணியில் இப்படிப்பட்ட கார்பனைல்கள் வரிசையாக வந்தன. முதலில் ஒற்றை மின்சுமைத் தங்கம், இரண்டு கார்பன் மோனாக்சைடுகளோடு நேர்க்கோட்டில். பிறகு இரட்டை மின்சுமைப் பாதரசம், அதே வடிவில். நான்கு கார்பன் மோனாக்சைடுகளோடு பிளாட்டினமும் பல்லேடியமும். ஆறோடு இரும்பு, ருத்தேனியம், ஆஸ்மியம். உச்சியில் மூன்று மின்சுமையோடு இரிடியம். எல்லாவற்றிலும் துணை நின்ற எதிரயனி பெரும்பாலும் அந்தப் பதினொரு ஃப்ளூரின் ஆன்டிமனி அயனி.

இரிடியத்தை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தொடக்கப்பொருள் இரிடியம் ஹெக்சாஃப்ளூரைடு. கரைப்பான் திரவ ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடு. அதில் கார்பன் மோனாக்சைடு வாயு. இரண்டு இரிடியம் ஹெக்சாஃப்ளூரைடு மூலக்கூறுகளுக்குப் பதினைந்து கார்பன் மோனாக்சைடுகள் செலவாகும். அவற்றில் மூன்று, ஆறு ஃப்ளூரின் அணுக்களைப் பிடித்துக்கொண்டு கார்பனைல் ஃப்ளூரைடு வாயுவாக வெளியேறும். இதில் இரிடியம் ஒவ்வொன்றும் ஆறு மின்சுமை நிலையிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது. மிச்சமுள்ள ஆறு ஃப்ளூரைடுகளைப் பன்னிரண்டு ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடு மூலக்கூறுகள் விழுங்கி, ஆறு பெரிய எதிரயனிகளாக மாறும். எஞ்சிய பன்னிரண்டு கார்பன் மோனாக்சைடுகள் காலியான இடங்களில் ஆறு ஆறாக அமரும். ஒரே வாயு ஒடுக்கியாகவும் ஈனியாகவும் உழைக்கிறது. ஒரே திரவம் கரைப்பானாகவும் எதிரயனிக்கு மூலப்பொருளாகவும் உதவுகிறது.

இந்தப் பிணைப்பு பாடநூல் சொல்வதிலிருந்து வேறுபட்டது என்பதற்கு அகச்சிவப்பு நிறமாலையே சாட்சி. கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று நோக்கி அதிர்வதன் அலையெண், தனித்த கார்பன் மோனாக்சைடில் சென்டிமீட்டருக்கு 2143. உலோகம் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் அது கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்தும்; அலையெண் குறையும். ஆறு கார்பன் மோனாக்சைடுகளும் ஒரே எண்ணிக்கை எலக்ட்ரான்களும் கொண்ட நான்கு உலோகங்களை வரிசையாக வைத்தால் போக்கு தெரியும். மின்சுமையற்ற டங்ஸ்டனில் சுமார் 1977. ஒற்றை மின்சுமை ரீனியத்தில் 2085. இரட்டை மின்சுமை ஆஸ்மியத்தில் 2190. மூன்று மின்சுமை இரிடியத்தில் 2254. ஆஸ்மியத்திலேயே தனித்த மூலக்கூறின் எண்ணைத் தாண்டியாகிவிட்டது. இரண்டு கார்பன் மோனாக்சைடுகள் கொண்ட பாதரச அயனியில் 2280-ஐத் தொடுகிறது.

உலோகத்தோடு சேர்ந்தபின் கார்பன் மோனாக்சைடின் உள்பிணைப்பு முன்பைவிட இறுகுவது ஏன்? தனித்த மூலக்கூறில் பிணைப்பு எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருக்கும். கார்பன் பக்கத்தில் ஒரு நேர்மின்சுமையைக் கொண்டுவந்து வைத்தால் அந்தச் சாய்வு சரியாகி, எலக்ட்ரான்கள் இரு அணுக்களுக்கும் நடுவில் இன்னும் சீராகப் பரவும். பிணைப்பு குறுகி இறுகும். இதற்கு உலோகம் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கார்பனின் எலக்ட்ரான் இரட்டையும் மின்சுமையின் ஈர்ப்புமே போதும். ஆக, இந்த ஈனி நாம் நினைத்ததுபோல் திரும்பி வரும் பங்கை நம்பியே வாழ்வதில்லை. தண்ணீரோடு போட்டியிடும்போது தோற்றது. போட்டியாளர் இல்லாதபோது அமர்ந்துவிட்டது. கார்பன் மோனாக்சைடு மிகப் பலவீனமான காரம் என்பதால் சூப்பர் அமிலத்தின் புரோட்டானும் அதை எளிதில் கைப்பற்றுவதில்லை. அம்மோனியாவுக்கு நேர்ந்த கதி அதற்கு நேரவில்லை.

இதற்கு ஒரு நடைமுறை முன்கதையும் உண்டு. ஆலிஃபின்களோடு கார்பன் மோனாக்சைடைச் சேர்த்துக் கார்பாக்சிலிக் அமிலங்கள் செய்யும் கோக் வினைக்கு வழக்கமாக உயர் அழுத்தம் தேவை. ஜப்பானில் யோஷியே சௌமாவும் அவருடைய குழுவினரும் 1970களில், அடர் கந்தக அமிலத்தில் ஒற்றை மின்சுமைத் தாமிரத்தையோ வெள்ளியையோ சேர்த்தால் அது கார்பன் மோனாக்சைடைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றும், அதனால் அந்த வினை சாதாரண வெப்பத்திலும் வளிமண்டல அழுத்தத்திலும் நடக்கிறது என்றும் காட்டினார்கள். தளர்வாகப் பிடித்ததால்தான் தேவைப்படும் இடத்தில் விட்டுக்கொடுக்கவும் முடிந்தது.

தங்கத்தைச் சுற்றி நான்கு செனான்

கார்பன் மோனாக்சைடுக்கே இடம் கிடைத்தது என்றால், அதைவிடக் கஞ்சனான செனானுக்கு? செனான் மந்த வாயு. 1962-இல் நீல் பார்ட்லெட் அதன் சேர்மத்தைச் செய்தபோது உலகம் வியந்தது. ஆனால் அதில் செனான் எலக்ட்ரானைப் பறிகொடுத்த நிலையில் இருந்தது. உலோகத்துக்கு எலக்ட்ரான் இரட்டை கொடுத்து ஈனியாக நிற்பது வேறு சங்கதி.

பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ஷ்டெஃபான் சைடலும் கோன்ராட் செப்பெல்ட்டும் 2000-இல் இதை வெளியிட்டார்கள். தங்க ட்ரைஃப்ளூரைடை ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடும் கலந்த அமிலத்தில் கரைத்து, செனானைச் சேர்த்தார்கள். தங்கத்தை ஒற்றை மின்சுமைக்கு இறக்கி, அதுவரை பிடிபடாத தங்க மோனோஃப்ளூரைடை எடுப்பது நோக்கம். கிடைத்ததோ வேறு. கரைசலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது கருஞ்சிவப்புப் படிகங்கள் இறங்கின. எக்ஸ் கதிர் ஆய்வில், நடுவில் இரட்டை மின்சுமைத் தங்கம், அதைச் சுற்றிச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் செனான். ஒவ்வொரு செனானுக்கும் தங்கத்துக்கும் இடைத்தூரம் சுமார் 274 பிக்கோமீட்டர்; உண்மையான பிணைப்பு என்று ஒப்புக்கொள்ளப் போதுமான நெருக்கம்.

இங்கே வியப்பு இரண்டு. ஒன்று செனான். மற்றது தங்கத்தின் இரட்டை மின்சுமை. தங்கம் வழக்கமாக ஒன்று அல்லது மூன்று மின்சுமையில் இருக்கும். இரண்டில் மாட்டினால் இன்னொரு தங்கத்தோடு இணை சேரும் அல்லது ஒன்றும் மூன்றுமாகப் பிரியும். இங்கே அது தனியாக நின்றது. செனான்கள் தங்கத்தின் மின்சுமையில் ஒரு பங்கைத் தங்கள் மேல் வாங்கிக்கொண்டு அதைத் தாங்குகின்றன. வினை நடக்கும்போது செனான் ஒடுக்கியாகவும் உழைக்கிறது: தங்கத்தை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிவிட்டு, அதன் ஒரு பகுதி தானே நேர்மின்சுமை ஏறிய இரட்டைச் செனானாகிறது.

இந்தப் படிகம் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிச் செனானை இழந்து சிதையத் தொடங்கும். மூடிய கலனில் செனான் அழுத்தம் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பிணைப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதுவே அளவு. ஒரே ஒரு நல்ல ஈனி அருகில் வந்தாலும் நான்கு செனான்களும் இடத்தைக் காலி செய்துவிடும்.

ஒரே உலோகம், இரண்டு குணம்

சூப்பர் அமிலம் புதிய ஈனிகளுக்கு இடம் தருவதோடு உலோகத்தின் குணத்தையும் மாற்றுகிறது. பெர்க்லியில் பார்ட்லெட்டும் ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் போரிஸ் ஷெம்வாவும் சேர்ந்து செய்த பணி இதை அழகாகக் காட்டியது. வெள்ளியின் இரட்டை மின்சுமை அயனியையோ மூன்று மின்சுமை அயனியையோ ஃப்ளூரைடுகள் சூழ்ந்து, மொத்தத்தில் எதிரயனியாகவோ மின்சுமையற்றோ இருந்தால் அது ஓரளவு அடங்கியிருக்கும். ஃப்ளூரைடுகள் கொடுக்கும் எலக்ட்ரான் அதன் பசியைத் தணித்துவிடுகிறது. அதே கரைசலை அமிலமாக்கி ஃப்ளூரைடுகளை உருவினால் வெள்ளி நேரயனி ஆகும். பசி கட்டுக்கடங்காமல் போகும்.

1990-இல் அவர்கள் காட்டியபடி, ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் உள்ள இரட்டை மின்சுமை வெள்ளி நேரயனி சாதாரண வெப்பத்திலேயே செனானை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. மூன்று மின்சுமை வெள்ளி நேரயனி இன்னும் ஒரு படி மேல். எதிர்மின்சுமை கொண்ட பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, மின்சுமையற்ற பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடாக மாற்றுகிறது. பார்ட்லெட் 1962-இல் செனானை வினைபுரிய வைத்தது இதே பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடைக் கொண்டுதான். அன்று மிக வலுவான ஆக்சிஜனேற்றியாக வியக்கப்பட்ட பொருள், இன்னொன்று அதிலும் வலுவானதாக இருப்பதால் விளைபொருளாகிவிட்டது.

வெள்ளி மாறவில்லை, அதன் மின்சுமை எண்ணும் மாறவில்லை. சுற்றியிருந்த ஃப்ளூரைடு போனது. ஓர் அயனி எவ்வளவு வலுவான ஆக்சிஜனேற்றி என்று கேட்டால், எதனால் சூழப்பட்ட நிலையில் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

கண்ணாடியில் வைக்க முடியாத கரைசல்

ஹைட்ரஜன் ஃப்ளூரைடு கண்ணாடியை அரிக்கும். அதனால் கூம்புக் குடுவைக்கும் பியூரெட்டுக்கும் இங்கே வேலை இல்லை. வினைக் குழாய்கள் ஃப்ளூரின் ஏற்றிய பிளாஸ்டிக்குகளால் ஆனவை; டெஃப்ளான் குடும்பத்தைச் சேர்ந்தவை. வாயுக்கள் போய்வரும் குழாய் அமைப்பு நிக்கலிலோ, நிக்கலும் தாமிரமும் கலந்த மோனெல் உலோகத்திலோ இருக்கும். உள்சுவர்களை முதலில் ஃப்ளூரின் வாயுவால் பதப்படுத்தி, ஒரு ஃப்ளூரைடு படலம் உருவாக விடுவார்கள். ஈரம் துளியும் ஆகாது. ஹைட்ரஜன் ஃப்ளூரைடின் கொதிநிலை 19.5 டிகிரி என்பதால் நம் ஊர் அறை வெப்பத்தில் அது வாயுவாகிவிடும். குளிரூட்டியோ அழுத்தமோ இல்லாமல் திரவமாக வைத்திருக்க முடியாது.

ஆபத்து வெறும் அரிப்பு அல்ல. ஹைட்ரஜன் ஃப்ளூரைடு தோல் வழியே ஊடுருவி உள்ளே போனபின் ஃப்ளூரைடு உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே குலையும். பட்டவுடன் வலிக்காமல் சில மணி நேரம் கழித்து வலிக்கும் நேர்வுகளும் உண்டு. இந்த ஆய்வகங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். தனியாக யாரும் வேலை செய்வதில்லை. உலோகத்தை விடாமல் பற்றும் ஃப்ளூரைடின் அதே குணம்தான் இங்கே உடலின் கால்சியத்தைப் பற்றுகிறது.

அமிலத்தை விட்டு வெளியே

இவ்வளவு தொல்லைப்பட்டுச் செய்யும் சேர்மங்களை யார் பயன்படுத்துவது என்ற கேள்வி நியாயமானது. செனான் பிடித்த தங்கத்தை யாரும் விற்கப்போவதில்லை. ஆனால் சூப்பர் அமிலம் கற்றுக்கொடுத்த பாடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வர முடிந்தது. தேவைப்படுவது அமிலத்தின் வீரியம் அல்ல, எலக்ட்ரான் இரட்டை கொடுக்காத சூழல். அப்படியானால் அமிலத்தையே கைவிட்டு, கொடுக்க மறுக்கும் பெரிய எதிரயனியை மட்டும் வடிவமைத்துச் சாதாரணக் கரைப்பான்களில் வேலை செய்யலாமே?

அப்படித்தான் நடந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் இங்கோ கிராசிங் பயன்படுத்தும் அலுமினிய எதிரயனியைச் சுற்றி 36 ஃப்ளூரின் அணுக்கள் போர்த்தியிருக்கும். ஒற்றை எதிர்மின்சுமை உள்ளே புதைந்து கிடக்கும். அதன் துணையோடு வெள்ளி அயனி மூன்று எத்திலீன் மூலக்கூறுகளைப் பிடித்தது. நான்கு அணுப் பாஸ்பரஸ் மூலக்கூறுகள் இரண்டைப் பிடித்தது. அமெரிக்காவில் ஸ்டீவன் ஸ்ட்ராஸ் இதேபோன்ற ஃப்ளூரின் நிறைந்த எதிரயனி ஒன்றின் துணையோடு வெள்ளிக் கார்பனைலைச் செய்தார். சூப்பர் அமிலத்தில் பிறந்த சேர்மங்களின் உறவுகள் இப்போது அரிக்காத கரைப்பான்களில் பிறக்கின்றன.

தொழிற்சாலையிலும் இதே தத்துவம் ஓடுகிறது. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் வகைகள் சிலவற்றைச் செய்யும் மெட்டலோசீன் வினையூக்கிகளில் உழைப்பது சிர்கோனியம் போன்ற உலோகத்தின் நேரயனி. எத்திலீன் எலக்ட்ரானை எளிதில் கொடுக்காத ஈனி. உலோகத்தின் அருகில் ஓர் இடம் காலியாக இருந்தால்தான் அது வந்து ஒட்டி, சங்கிலி வளரும். எதிரயனி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் வினை நின்றுபோகும். அதனால் ஃப்ளூரின் நிறைந்த போரேட் எதிரயனிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விளைச்சலின் வேகத்தையே எதிரயனி தீர்மானிக்கும் இடம் அது.

பாடநூல் தரும் பட்டியல்கள் தவறானவை அல்ல. நம் உடலும் கடலும் பெரும்பாலான தொழிற்சாலைத் தொட்டிகளும் தண்ணீரால் ஆனவை. அங்கே அந்தப் பட்டியல்கள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஓர் உலோகம் இந்த மின்சுமையில் நிலைக்காது, இந்த ஈனியோடு சேராது என்று படிக்கும்போது, எந்தக் கரைப்பானில், எந்த எதிரயனியோடு என்ற இரண்டு கேள்விகளை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வில்னரும் ஆவ்ப்கேயும் செப்பெல்ட்டும் புதிய உலோகம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் வழக்கத்தில் இல்லாத பதிலைத் தேர்ந்தெடுத்தார்கள்.